மெக்கா: உள்ளே ஆள் உட்கார்ந்திருக்கும் பொறி

மெக்கா என்று எழுதினால் படிப்பவருக்கு முதலில் நினைவு வருவது புனித நகரம். சரி, ‘க்’ என்ற ஒற்றெழுத்தை எடுத்துவிடலாம் என்று மெகா என்று எழுதினால், அது ‘மெகா தொடர்’, ‘மெகா தள்ளுபடி’ பக்கம் போய்விடுகிறது. இது ஜப்பானிலிருந்து வந்த சொல், ஜப்பானியர் சொல்லும் ஒலி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ககரம் வல்லினமாகவே ஒலிக்க வேண்டும், ஆனால் இரட்டிக்கக் கூடாது. தமிழில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் தனிக் ககரம் தானாகவே குழைந்துவிடும் என்பதால், அந்த ஒலியை எழுத நமக்கு வழியே இல்லை.

ராட்சத ரோபோக்களின் சின்ன உருவங்களைச் சேர்த்து, வண்ணம் தீட்டி, பலகையில் வைத்துப் பகடை உருட்டிப் போர் ஆடுகிறவர்கள் நாளெல்லாம் புழங்கும் சொல் இது. வாயால் சொல்லும்போது ஒரு குழப்பமும் இல்லை, எழுதும்போதுதான் சிக்கல். ஒரு தமிழ்ச் சொல் தேட எனக்கு இந்தக் காரணமே போதுமானதாக இருந்தது.

முதலில் பொருளைப் பார்ப்போம். மெக்கா என்பது கால்களால் நடக்கும், பெரும்பாலும் மனித வடிவில் இருக்கும், மிகப் பெரிய போர் எந்திரம். அதற்குள் ஓர் ஆள் உட்கார்ந்து அதை ஓட்டுவார். இந்தக் கடைசி வரிதான் இதன் உயிர். ஆளை வெளியே எடுத்துவிட்டால் அது வெறும் ரோபோ. காலை எடுத்துவிட்டுச் சக்கரம் மாட்டினால் அது பீரங்கி வண்டி.

சொல்லின் பயணம் கிரேக்கத்தில் தொடங்குகிறது. ‘மேக்கனே’ என்றால் கருவி, உபாயம், தந்திரமாகச் செய்த அமைப்பு. பழைய கிரேக்க நாடக மேடையில் தெய்வ வேடம் போட்டவரை மேலிருந்து இறக்கிய தூக்கிக்கும் இதே பெயர்தான். இதன் வட்டார வடிவம் லத்தீனுக்குப் போய் ‘மாக்கினா’ ஆனது, பிறகு பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாக மெஷின் ஆனது. இன்னொரு கிளை மெக்கானிக், மெக்கானிசம் என்று வந்தது. தையல் மெஷினும் அதைப் பழுது பார்க்க வரும் மெக்கானிக்கும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பது நம்மில் பலருக்குத் தோன்றியிருக்காது.

ஜப்பானியர் இந்த நீளமான ஆங்கிலச் சொற்களின் தலையை மட்டும் வெட்டி ‘மெக்கா’ என்று வைத்துக்கொண்டார்கள். அங்கே அதன் பொருள் அகலமானது. கார், துப்பாக்கி, விண்கலம், கைக்கடிகாரத்தின் உள் அமைப்பு எல்லாமே மெக்காதான். நாம் மெக்கா என்று சொல்லும் வகைக் கதைகளை அவர்கள் பெரும்பாலும் ரோபோக் கதைகள் என்றே சொல்வார்கள். சொல் வெளிநாட்டுக்குப் போனபோதுதான் பொருள் சுருங்கி, ராட்சத ரோபோ மட்டும் என்று ஆனது. ஆங்கிலத்திலிருந்து போய், தலை மட்டும் மிஞ்சி, வேறு பொருளோடு ஆங்கிலத்துக்கே திரும்பி வந்த சொல்.

ரோபோ என்ற சொல்லோடு ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். 1920-இல் செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் தம் நாடகம் ஒன்றில் அதைப் பயன்படுத்தினார். சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப். செக் மொழியில் ‘ரோபோட்டா’ என்றால் கட்டாய உழைப்பு. அந்த நாடகத்து ரோபோக்கள் இரும்பால் ஆனவை அல்ல, செயற்கைச் சதையால் செய்யப்பட்டவை. ஆக, ரோபோ என்ற சொல்லின் வேரில் இருப்பது அடிமை ஆள். மெக்காவின் வேரில் இருப்பது கருவி. அடிமை தானாக நடப்பான், ஒரு நாள் எதிர்த்தும் நிற்பான். கருவியை யாராவது எடுத்துக் கையாள வேண்டும்.

ஜப்பானியக் கதைகளில்கூட முதலில் புகழ்பெற்ற ராட்சத ரோபோ வெளியிலிருந்து இயக்கப்பட்டதுதான். 1956-இல் தொடங்கிய ‘தெட்சுஜின் 28’ சித்திரக்கதையில் ஒரு சிறுவன் தொலைவிலிருந்தே ரோபோவை ஆட்டிவைப்பான். ஆளை உள்ளே உட்கார வைத்து ஓட்டும் வழக்கத்தைப் பரப்பியது 1972-இல் வந்த ‘மாசிங்கர் இசட்’ சித்திரக்கதை. அதைப் படைத்த கோ நாகாய்க்கு அந்த எண்ணம் வந்தது போக்குவரத்து நெரிசலைப் பார்த்தபோது என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. கார்களுக்குள் சிக்கிக்கொண்டிருந்தவர்கள், காருக்குக் கால் முளைத்துத் தாண்டிப் போனால் நன்றாக இருக்கும் என்று நினைப்பார்கள் அல்லவா? நெரிசலில் நின்ற எவருக்கும் இது புரியும்.

பலகைக்கு இந்தச் சொல் வந்தது ஒரு சட்டச் சிக்கலுக்கு நடுவில். 1984-இல் அமெரிக்காவின் ஃபாசா நிறுவனம் ‘பேட்டில்டிராய்ட்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. டிராய்ட் என்ற சொல் எங்களுடையது என்று ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களை எடுத்த லூகாஸ்ஃபிலிம் சொன்னது. அடுத்த ஆண்டே விளையாட்டின் பெயர் பேட்டில்டெக் ஆனது, உள்ளே இருந்த எந்திரங்கள் பேட்டில்மெக் ஆயின. மெக் என்ற குட்டை வடிவம் ஆட்டக்காரர் வாயில் ஒட்டிக்கொண்டது இப்படித்தான். எனக்குக் கேட்டால், சட்டச் சிக்கலால் வந்த இந்தப் பெயர்தான் பொருத்தமானது. டிராய்ட் என்பது மனிதனைப் போன்றது என்ற பொருளுள்ள ஆண்ட்ராய்டின் வால் பகுதி, அதில் ஓட்டுநருக்கு இடமே இல்லை. இன்னொரு பக்கம், 1988-இல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் தன் ராட்சத எந்திரங்களுக்கு டைட்டன் என்று கிரேக்கப் புராணப் பெயர் வைத்தது. அது அளவைச் சொல்லும் பெயர், அமைப்பைச் சொல்வதில்லை.

இப்போது தமிழுக்கு வருவோம். பலர் உடனே சொல்வது எந்திரன். நல்ல சொல், ஆனால் ரோபோவுக்கு. அதன் இறுதியில் இருக்கும் ‘அன்’ விகுதி அதை உயர்திணை ஆக்கிவிடுகிறது. எந்திரன் வந்தான், எந்திரன் சுட்டான். மெக்கா வருவதில்லை, ஓட்டி வரப்படுகிறது. அது அஃறிணை, உயர்திணை உள்ளே உட்கார்ந்திருக்கிறது. (ஆட்டச் சூட்டில், அட்லஸ் என்ற பேட்டில்மெக் சாய்ந்ததும், “என் அட்லஸ் விழுந்துட்டான்” என்று நானே கத்தியிருக்கிறேன். அது பாசம், இலக்கணம் அல்ல.)

எந்திரம் என்பது வடமொழி ‘யந்த்ர’ என்பதிலிருந்து வந்த சொல்லானாலும் தமிழில் மிகப் பழையது. ஐங்குறுநூற்றில் கரும்பு பிழியும் எந்திரம் யானைக்கு எதிராகப் பிளிறுகிறது. ஒரு எந்திரத்தின் பேரோசையைக் காட்ட யானையை எதிரே நிறுத்திய அந்தக் கற்பனை, இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் எவருக்கும் பிடிக்கும். இருந்தாலும் நான் எடுத்துக்கொள்வது பொறி.

பொறிக்குப் பொருள் பல. தீப்பொறி, ஐம்பொறி, எலிப்பொறி, கொடியில் பொறித்த புலிப்பொறி, அப்புறம் எந்திரம். கடைசிப் பொருளில்தான் பொறியாளர், பொறியியல் எல்லாம் வந்தன. மேக்கனேயைப் போலவே இதிலும் தந்திரமாகச் செய்த அமைப்பு என்ற வாசனை இருக்கிறது, எலிப்பொறியை நினைத்துப் பார்த்தால் தெரியும். போருக்கும் இது புதிதல்ல. சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டையின் காவலைச் சொல்லும்போது வளைவிற்பொறி, கருவிரல் ஊகம், கல்லுமிழ் கவண் என்று அடுக்குகிறது. வளைவிற்பொறி தானே வளைந்து எய்யும் வில். ஊகம் என்பது கரிய விரலுடைய குரங்கு வடிவப் பொறி, கிட்டே வந்தவரைக் கடித்துவிடும் என்கிறது உரை. விலங்கு வடிவம், போர் வேலை, ஆள் துணை இல்லை: இவை ரோபோ இனம்.

மெக்கா இனமும் நம்மிடம் இருக்கிறது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் மனைவி விசயைக்காகச் செய்வித்த மயிற்பொறி. அவள் முன்கூட்டியே அதை ஓட்டப் பழகுகிறாள். விசையை வலப்பக்கம் திரித்தால் மேகத்தைப் பிளந்து பறக்கும். இடப்பக்கம் திரித்தால் கீழே இறங்கிக் காலைக் குவித்து உட்காரும். ஓட்டும் பயிற்சி, கையில் விசை, கால்களை மடக்கி நிற்கும் உடல்! போர்க்கருவி இல்லை என்ற ஒன்றைத் தவிர மெக்காவுக்கு என்ன குறை? அந்தப் பாட்டில் பொறி என்ற சொல் முழு எந்திரத்தையும் குறிக்காமல் திருகும் விசையைக் குறிப்பதாகவும் நிற்கிறது, அது தனிச் சுவை.

ஆக, போர்ப்பலகையில் நிற்பதற்குப் போர்ப்பொறி. ஆளுருப்பொறி என்றும் சொல்லலாம்தான், ஆனால் பறவைக் காலோடு குனிந்து நடக்கும் வகைகளுக்கு அது பொருந்தாது.

ஓட்டுகிறவருக்கு இன்னும் நல்ல சொல் காத்திருக்கிறது: வலவன். தேரோட்டி. புறநானூற்றில் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்று ஒரு தொடர் வரும். ஆளில்லாமல் பறக்கும் டிரோனுக்கு இன்று அதைத்தான் எடுத்து ஆள்கிறார்கள். வலவன் ஏவாதது டிரோன் என்றால், வலவன் ஏவுவது போர்ப்பொறி.

இந்தச் சொல் ஆட்டத்தில் எவ்வளவு சரியாக உட்காருகிறது என்று பாருங்கள். பேட்டில்டெக்கில் சுடும் திறமையும் விழாமல் ஓட்டும் திறமையும் எந்திரத்துக்கு உரியவை அல்ல. இரண்டும் வலவனுடைய எண்கள், சாதாரண வலவனுக்குச் சுடுவதில் 4, ஓட்டுவதில் 5. எண் குறையக் குறையத் திறமை கூடும். 100 டன் எடையுள்ள அட்லஸை எடுத்துக்கொள்ளுங்கள். மார்பிலும் தோளிலும் எவ்வளவு அடித்தாலும் தாங்கும். அடி எங்கே பட்டது என்று பார்க்க இரண்டு பகடைகளை உருட்டுகிறோம். இரண்டிலும் ஆறு விழுந்தால் தலை. 36-இல் ஒரு வாய்ப்பு. தலைக்கு இருப்பது 9 புள்ளிக் கவசம், உள்ளே 3 புள்ளி எலும்பு. ஒரே அடியில் 15 புள்ளி தரும் காஸ் துப்பாக்கியின் குண்டு அங்கே பட்டால் மிச்சம் 99 டன் இருந்தும் பயனில்லை, வலவன் இருந்த இடம் அதுதான். பலகையைச் சுற்றி எல்லோரும் ஒரு நொடி பேச்சற்று நிற்பார்கள். தோற்றவரே முதலில் சிரிப்பார்.

வண்ணம் தீட்டும்போதும் கடைசியில் கை வந்து நிற்கும் இடம் அந்தத் தலைதான். பிரைமர் அடித்து, அடிநிறம் பூசி, பள்ளங்களில் வாஷ் என்ற நீர்த்த வண்ணத்தை ஓடவிட்டு, விளிம்புகளை டிரை பிரஷ்ஷால், அதாவது வண்ணம் துடைத்த உலர்ந்த தூரிகையால், தூக்கி விட்டாலும் உருவம் இன்னும் பொம்மையாகவே இருக்கும். வலவன் அறையின் கண்ணாடி இரண்டு மில்லிமீட்டர் அகலம் இருந்தால் பெரிது. அதில் மேல் மூலையில் இருண்ட நீலம், கீழ் மூலைக்கு வர வர வெளிர் நீலம், பிறகு இருண்ட மூலையில் ஊசிமுனை அளவு ஒரு வெள்ளைப் புள்ளி. நான் முதல் மூன்று உருவங்களில் புள்ளியை வெளிர் மூலையில் வைத்துவிட்டு, ஏன் கண்ணாடி மாதிரி தெரியவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். புள்ளி சரியான மூலைக்கு வந்ததும் உள்ளே யாரோ இருக்கிறார் என்று தோன்றிவிடும்.

அந்த உருவங்களைக் குறிக்கும் மினியேச்சர் என்ற சொல்லையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அதில் சிறுமை என்ற பொருளே முதலில் இல்லை. ‘மினியம்’ என்றால் லத்தீனில் செந்நிற ஈயத்தூள். கையெழுத்துச் சுவடிகளில் அந்தச் சிவப்பால் எழுத்தும் படமும் தீட்டுவதுதான் மினியேச்சர். சுவடிப் படங்கள் சின்னதாக இருந்ததாலும், மினிமம், மைனர் போன்ற சொற்களின் சாயலாலும் ‘சிறியது’ என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. வண்ணம் தீட்டாமல் சாம்பல் நிறத்திலேயே ஆடுகிறவர்களைக் கிண்டல் செய்ய இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

தமிழில் சிற்றுரு என்பது போதும். ஆனால் போர்ப்பொறியின் சிற்றுருவுக்கு மட்டும் எனக்கு ஒரு தனி ஆசை உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் விரும்பும்படி செய்த விளையாட்டுத் தேரைப் பிள்ளைகள் உருட்டித் திரிவார்கள். தேர் அக்காலத்துப் போர் ஊர்தி. அதன் சிறு வடிவத்துக்குப் புலவர் தரும் பெயர் ‘ஊரா நற்றேர்’, ஏறிச் செல்ல முடியாத நல்ல தேர். ஏறி ஓட்டுவதே மெக்காவின் பொருள் என்றால், நாலு சென்டிமீட்டர் உயரத்தில் என் மேசைமேல் நிற்கும் லோகஸ்ட் என்ற இந்த பேட்டில்மெக் சிற்றுருவுக்கு ‘ஊராப் பொறி’ என்று பெயர் வைத்துவிட்டேன். கண்ணாடி இன்னும் தீட்டவில்லை.