மூன்று லட்சம் முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை

உயிர்வேதியியல் படித்தவர்களுக்கு ‘லோரி மெத்தட்’ என்றதும் பிராக்டிக்கல் வகுப்பு ஞாபகம் வரும். சோதனைக்குழாயில் புரதக் கரைசல், அதோடு தாமிரம் சேர்ந்த காரக் கரைசல், சற்றுப் பொறுத்து ஃபோலின் வினைபொருள். அரை மணி நேரத்தில் குழாய் நீலமாகிவிடும். புரதம் கூடக்கூட நீலமும் அடர்த்தியாகும். அந்த அடர்த்தியைக் கருவியில் அளந்தால் புரதத்தின் அளவு தெரிந்துவிடும்.

ஆலிவர் லோரியும் அவருடைய சகாக்கள் மூவரும் 1951-இல் வெளியிட்ட முறை இது. 2014-இல் ‘நேச்சர்’ இதழ் கணக்குப் பார்த்தபோது, உலகிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுக் கட்டுரை இதுதான். மூன்று லட்சம் முறைக்கும் மேல்! டிஎன்ஏயின் இரட்டைச் சுருள் வடிவத்தை 1953-இல் வாட்சனும் கிரிக்கும் அறிவித்த கட்டுரைக்கு அந்தப் பட்டியலின் முதல் நூறில் இடமே இல்லை.

இது எப்படி நடக்கிறது? தன் ஆய்வில் யாருடைய முறையை, யாருடைய முடிவைப் பயன்படுத்தினாரோ அதை ஓர் ஆய்வாளர் கட்டுரையின் கடைசியில் குறிப்பிடுவார். அப்படி ஒரு தடவை குறிப்பிட்டால் பழைய கட்டுரையின் கணக்கில் ஒன்று ஏறும். புரதத்தை அளக்காத உயிரியல் ஆய்வுக்கூடம் அரிது. அளந்தவர்களெல்லாம் லோரியைக் குறிப்பிட்டார்கள். டிஎன்ஏ இரட்டைச் சுருள் என்பதோ பள்ளிப் பாடமாகிவிட்டது, அதற்குச் சான்று காட்ட யாருக்கும் தோன்றுவதில்லை. தன் கட்டுரை ஒன்றும் மகத்தானதல்ல என்று லோரியே 1977-இல் எழுதினார். ஆனாலும் அதற்குக் கிடைத்த வரவேற்பில் உள்ளூர மகிழ்ச்சிதான் என்றும் சொன்னார்.

இந்தக் கணக்கை முறைப்படுத்தியவர் அமெரிக்காவின் யூஜீன் கார்ஃபீல்ட். ஒரு பழைய தீர்ப்பைப் பின்னால் எந்தெந்த வழக்குகளில் எடுத்துக்காட்டினார்கள் என்று பார்க்க அங்குள்ள வக்கீல்களிடம் ஓர் அட்டவணை இருந்தது. அதையே அறிவியலுக்கும் செய்யலாம் என்று 1955-இல் எழுதினார், 1964-இல் செய்தும் காட்டினார். ஒரு கருத்து எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் அவருடைய நோக்கம்.

அப்புறம் அது ஆளை எடைபோடும் தராசாக மாறியது. 2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர், ஓர் ஆய்வாளரின் மேற்கோள் கணக்கை ஒரே எண்ணில் சொல்லும் எச்-இண்டெக்ஸைக் கொண்டுவந்தார். கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்க வேண்டும். ஒருவருடைய ஆறு கட்டுரைகளுக்கு 90, 40, 12, 6, 5, 3 என்று மேற்கோள்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவதற்கு ஐந்து இருக்கிறது, ஆறாவதற்கு ஆறு இல்லை. ஆகவே அவருடைய எண் 5. கணக்கு எளிது, அதனால்தான் வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்கும் நிதி கொடுப்பவர்களுக்கும் பிடித்துப்போனது.

ஆனால் மூன்றே கட்டுரை எழுதி, ஒவ்வொன்றும் பத்தாயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டாலும் இந்த எண் 3-ஐத் தாண்டாது. மருத்துவ ஆய்வில் எழுதுபவர்கள் அதிகம், கணிதத்தில் குறைவு. இரு துறையினரின் எண்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது அநியாயம். மேற்கோள்களை எண்ணும் தரவுத்தளங்களும் ஒத்துப்போவதில்லை: ஒரே ஆளுக்கே கூகுள் ஸ்காலரில் ஓர் எண், ஸ்கோபஸில் இன்னோர் எண் வரும். இருபது பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையில் யார் என்ன செய்தார் என்பதையும் இது சொல்லாது. இதனால் கடுமையான பக்கவிளைவுகள் வரலாம் என்று ஹிர்ஷே 2020-இல் எழுதினார்.

என்னைப் பொறுத்தவரை இதில் பெரிய ஆபத்து காலம் சம்பந்தப்பட்டது. கட்டலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் 2005-இல் ‘இம்யூனிட்டி’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறு எம்ஆர்என்ஏ. ஆய்வுக்கூடத்தில் செய்த எம்ஆர்என்ஏயை உடலுக்குள் செலுத்தினால் நோயெதிர்ப்பு மண்டலம் அதை எதிரியாக நினைத்துக் கொந்தளிக்கும். அதன் எழுத்துகளில் ஒன்றான யூரிடினைச் சற்றே மாற்றிவிட்டால் கொந்தளிப்பு அடங்கும் என்று அதில் காட்டினார்கள். அப்போது அதைப் பெரிதாகக் கவனித்தவர்கள் இல்லை. கரிகோவுக்கோ அதற்குப் பத்தாண்டு முன்பே, 1995-இல், ஆய்வு நிதி கிடைக்காத நிலையில் பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கம் நடந்திருந்தது. 2020-இல் கோவிட் தடுப்பூசிகள் அந்தக் கண்டுபிடிப்பின் மேல் எழுந்தன. மேற்கோள்கள் மளமளவென்று ஏறின. 2023-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

2006-இல் அந்தக் கட்டுரையின் மேற்கோள் எண்ணிக்கையை மட்டும் பார்த்த ஒருவருக்கு இது எதுவும் தெரிந்திருக்காது. கட்டுரையைத் திறந்து படித்தவருக்கு, யூரிடினில் செய்த அந்தச் சிறு மாற்றம் அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும்.