ஹப் என்றால் குடம்

சைக்கிள் சக்கரத்தின் நடுவில் ஸ்போக் கம்பிகள் எல்லாம் வந்து சேர்கிற உருளைதான் ஹப். கடையில் பேச இந்தச் சொல்லே போதும். தமிழில் எழுதும்போது பலரும் அதை 'மையம்' என்று மாற்றிவிடுகிறார்கள். மையம் என்பது ஓர் இடம். அதற்கு கிரீஸ் வைக்க முடியாது. ஹப் கையில் எடுக்கிற பொருள்.

அந்தப் பொருளுக்குத் தமிழில் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள்: குடம். மாட்டுவண்டிச் சக்கரத்தைப் பாருங்கள். நடுவில் வயிறு பெருத்த மரக்கட்டை, அதுதான் வண்டிக்குடம். அதிலிருந்து கிளம்புவது ஆரக்கால், சுற்றி வளைப்பது வட்டை, குடத்தின் துளையில் நுழைவது இருசு, சக்கரம் கழலாமல் காப்பது கடையாணி. பழந்தமிழில் தேர்ச்சக்கரத்தின் இதே பகுதிக்குக் குறடு என்றும் பெயர் உண்டு. ஆனால் இன்று சைக்கிள் கடையில் குறடு கேட்டால் ஆணி பிடுங்கும் கருவியைத்தான் நீட்டுவார்கள். அதனால் குடமே சரி.

ஆங்கிலத்திலும் ஹப் பிந்தி வந்த சொல்தான். அதற்கு முன் 'நேவ்' என்றார்கள். அது தொப்புளைக் குறிக்கும் 'நேவல்' என்ற சொல்லுக்கு உறவு. வடமொழி 'நாபி'க்கும் தொப்புள், சக்கரத்தின் குடம் என இரண்டு பொருளும் உண்டு. அவர்கள் உடம்பைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நாம் பாத்திரத்தைப் பார்த்து வைத்தோம்.

சரி, பிக்சட் கியர் சைக்கிளுக்கு எந்தக் குடம்? இந்த வண்டியில் பிரீவீல், அதாவது பெடல் நின்றாலும் சக்கரத்தைத் தனியே ஓடவிடும் பாகம், கிடையாது. சக்கரம் ஓடும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும், காலால் எதிர்த்து அழுத்தி வேகத்தைக் குறைக்கலாம். அந்த எதிர் அழுத்தம் பின்பக்கப் பல்சக்கரத்தைக் கழற்றப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் டிராக் குடத்தில் (பந்தயத் தடத்தில் ஓடும் இத்தகைய சைக்கிளுக்கான குடம்) ஒரே பக்கத்தில் இரண்டு மரைகள், படிபோல வெட்டியிருக்கும். உள்படி பல்சக்கரத்துக்கு, வலப்பக்கம் திருப்பினால் இறுகும் வழக்கமான வலப்புரி. சற்றுச் சிறிய வெளிப்படி பூட்டு வளையத்துக்கு, அது இடப்புரி. பல்சக்கரம் கழலத் திரும்பினால் வளையத்தில் முட்டி, வளையம் இன்னும் இறுகும். சங்குக்குச் சொல்கிற வலம்புரி, இடம்புரி இங்கே எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது!

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டு படிகளைத்தான். பிரீவீலுக்கான குடத்தில் ஒரே படிதான் இருக்கும். பரவலான அளவில் பல்சக்கரத்துக்கும் பிரீவீலுக்கும் மரை ஒன்றே (1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி) என்பதால் பல்சக்கரம் அதிலும் ஒழுங்காக ஏறிவிடும், ஆனால் பூட்ட வழி இல்லை. பெடலை எதிர்த்து அழுத்தும் நேரத்தில் அது கழன்றால், பிரேக் இல்லாத வண்டியை நிறுத்தவே முடியாது. தயவுசெய்து அப்படி மாட்டாதீர்கள்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது இருபுறக் குடம். ஒரு பக்கம் நிலையான பல்சக்கரம், மறுபக்கம் பிரீவீல். கால் ஓய்ந்தால் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போடலாம். டிராக் குடத்தின் வழக்கமான அகலம் பின்னால் 120 மி.மீ., முன்னால் 100 மி.மீ. கம்பித் துளைகள் பெரும்பாலும் 32 அல்லது 36; ரிம்மிலும் அதே எண்ணிக்கை வேண்டும். கம்பிகள் மாட்டும் குடத்தின் விளிம்பு பெரிதா சிறிதா என்பது பெரும்பாலும் கண்ணுக்குப் பிடித்த விஷயம்.

அப்புறம் பேரிங். ஜப்பானில் 1948-இல் தொடங்கிய கெய்ரின் என்ற டிராக் சைக்கிள் பந்தயத்தில், என்ஜேஎஸ் என்ற அங்கீகார முத்திரை பெற்ற பாகங்களைத்தான் பயன்படுத்தலாம். அந்தக் குடங்களில் தனித்தனி குண்டுகளும் அவற்றைத் தாங்கும் கூம்பு வடிவக் கோனும் இருக்கும். பிரித்துத் துடைத்து கிரீஸ் வைக்கப் பொறுமை இருந்தால் அவை வழுக்கிக்கொண்டு ஓடும். மழையிலும் தூசியிலும் தினமும் ஓட்டுகிறவர் மூடிய பேரிங் உள்ள குடத்தை வாங்கட்டும். தேய்ந்தால் பேரிங்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.