ஆயில் கூடுதே என்று சந்தோஷப்படாதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி போனில் அழைத்தார். அப்பா ஓட்டிய 1996 மாருதி 800, ஆறு வருஷமாக ஷெட்டில் கிடந்ததாம். லீவு நாட்களில் கார்புரேட்டரைத் தானே கழற்றிக் கழுவி, புது பேட்டரி போட்டு ஓட்டவும் ஆரம்பித்துவிட்டார். "அண்ணா, பத்து நாள் ஓட்டியாச்சு. ஆயில் சொட்டுக்கூடக் குறையல, கொஞ்சம் ஏறித்தான் இருக்கு" என்றார் பெருமையாக.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆயில் ஸ்டிக்கை எடுத்து மோந்து பார்க்கச் சொன்னேன். பெட்ரோல் வாடை.

அந்தக் காலத்து வண்டிகளில் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டியே இருக்கும். உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம் ஏறி இறங்கி டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும். அது கிழிந்தால் சில சமயம் வெளியே ஒழுகும், கண்ணில் பட்டுவிடும். உள்ளே இறங்கினால் இப்படித்தான், ஆயிலோடு கலந்து அளவு ஏறும். ஆயில் நீர்த்து பேரிங் தேய்வது ஒரு பக்கம். இன்ஜினுக்குள் பெட்ரோல் ஆவி சேர்வதுதான் எனக்குப் பெரிய பயம்.

ஏன் இப்போது அடிக்கடி வருகிறது என்றால், பங்க்கில் இன்று கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். மாருதி 800-ம் பிரீமியர் பத்மினி காரும் வந்த நாளில் அந்தக் கணக்கே கிடையாது. எத்தனால் பழைய ரப்பரை ஊற வைத்து இளக்கும், வண்டி நின்று காய்ந்தால் விரிசல் விட வைக்கும். ஈரத்தையும் இழுக்கும், தகர டேங்க் உள்ளே துரு பிடிக்கும்.

அதனால் கார்புரேட்டரில் கை வைக்கும் முன் டேங்கிலிருந்து பம்ப் வரை போகும் ரப்பர் ஹோஸை விரலால் நசுக்கிப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ விரிசல் தெரிந்தாலோ மொத்தமாக மாற்றுங்கள். புது ஹோஸின் மேல் 'எஸ்ஏஇ ஜே30 ஆர்9' என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள், எத்தனாலைத் தாங்கும். கூடவே கிளாம்பும் டயாஃப்ரமும் புதிது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில் செய்யுங்கள். தீயணைக்கும் பவுடர் சிலிண்டர் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மாலையில் வாசலில் விளக்கு வைக்கிற வீடு என்றால், அந்த நேரத்துக்கு முன்பே பெட்ரோல் வேலையை முடித்துவிடுங்கள்.

அப்புறம், வண்டிக்கு அடியில் போவதென்றால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். சமதரையில் இரும்பு ஸ்டாண்ட் கொடுங்கள். செங்கல் வேண்டாம், அது சொல்லாமல் நொறுங்கும்.

அந்தத் தம்பியின் ஹோஸ் கழற்றும்போதே கையோடு பிய்ந்து வந்தது. ஹோஸ், பம்ப், புது ஆயில் எல்லாம் சேர்த்தும், அவர் ஏற்கெனவே சீட் கவருக்குக் கொடுத்த பணத்தில் பாதிகூட ஆகவில்லை.