படம் பிந்தினால் தலை சுற்றும்

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். விஆர் ஹெட்செட் ஒன்று, அதாவது கண்ணில் மாட்டிக்கொண்டு மெய்நிகர் உலகத்தைப் பார்க்கும் கருவி, கிடைத்ததாம். கேமில் எல்லா செட்டிங்கையும் மிக உயர்ந்த 'அல்ட்ரா'வில் வைத்து விளையாடினால் பத்து நிமிடத்தில் தலை சுற்றி, வயிற்றைப் புரட்டுகிறதாம். அம்மம்மா நாவூறு என்று சொல்லி மிளகாய் சுற்றிப் போட்டாராம்.

அம்மம்மாவின் அன்பை மதிக்கிறேன். ஆனால் காரணம் நாவூறு இல்லை தம்பி, நேரம். இதை வீட்டிலும் பொறுமையாக விளக்கிச் சொல்லுங்கள்.

90 ஹேர்ட்ஸ் ஹெட்செட் என்றால் ஒரு செக்கனுக்கு 90 படம். ஒரு படத்துக்கு 11.1 மில்லி செக்கன்தான் கிடைக்கும். அதற்குள் இரண்டு கண்ணுக்கும் வரைந்து முடிக்க வேண்டும். முடியாவிட்டால் பழைய படமே மறுபடி வரும். தலை திரும்பியதை உட்காது உடனே மூளைக்குச் சொல்லிவிடுகிறது, கண்ணோ திரும்பவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது.

எவ்வளவு பிசகும்? செக்கனுக்கு 100 பாகை வேகத்தில் தலையைத் திருப்பினால், ஒரு படம் தவறும் நேரத்தில் ஒரு பாகைக்கு மேல் திரும்பிவிடுவோம். பாகைக்கு 20 பிக்சல் காட்டும் ஹெட்செட்டில், உலகமே 20 பிக்சலுக்கு மேல் தள்ளி நிற்கும்.

இதைச் சமாளிக்க ஓர் அருமையான வழி இருக்கிறது. அதன் பெயர் டைம்வார்ப். பிரபல கேம் நிரலாளர் ஜான் கார்மக் 2013-இல் இதை விளக்கி எழுதினார். புதிய படம் வராவிட்டால், திரையில் காட்டுவதற்குச் சற்று முன்பு ஹெட்செட் நம் தலையின் திசையை மறுபடி அளக்கிறது. பழைய படத்தையே அந்த அளவுக்கு நகர்த்திக் காட்டிவிடுகிறது. கேம் ஒன்றும் புதிதாக வரைவதில்லை, ஆனாலும் கண் நம்பிவிடுகிறது!

ஏன் நம்புகிறது? யாழ்ப்பாணத்தில் கடலுக்கு மேலால் போகும் பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் போகும்போது பாருங்கள். பஸ் நிற்கையில் தலையை மட்டும் திருப்பினால், கிட்ட உள்ள வலைத் தடியும் தூரத்து மண்டைதீவும் ஒரே அளவுதான் நகரும். எது கிட்ட, எது தூர என்று தெரியாமலே படத்தைத் திருத்தலாம். பஸ் ஓடத் தொடங்கினால் கதை வேறு. தடிகள் பறக்கும், தீவு அசையாது. இதைத் திருத்த ஒவ்வொரு பிக்சலின் தூரமும் தெரிய வேண்டும். அதோடு, தடிக்குப் பின்னால் மறைந்திருந்த கடல் பழைய படத்தில் இல்லவே இல்லை. அதனால்தான் டைம்வார்ப் தலை திரும்புவதைக் காப்பாற்றும், நடந்து போவதைக் காப்பாற்றாது. ஓடும் கேமில் தலை சுற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, செட்டிங்குக்கு வருவோம். முதலில், ஹெட்செட்டைக் கணினியோடு இயக்கும் மென்பொருளான ஸ்டீம்விஆரில், ஒவ்வொரு படத்துக்கும் எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஃபிரேம் நேர வரைபடத்தைத் திறந்து, 11.1 மில்லி செக்கனைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் நிழலைக் குறையுங்கள், பெரும்பாலும் அதுதான் அதிகம் தின்னும். மூடுபனி, பிரதிபலிப்பு அடுத்தது. அசைவை மங்கலாக்கிக் காட்டும் மோஷன் பிளர் வேண்டவே வேண்டாம். விளிம்புகளை மழுப்பும் எம்எஸ்ஏஏ-யை மட்டும் விட்டுவிடாதீர்கள். லென்ஸுக்குப் பின்னால் ரம்பப்பல் விளிம்புகள் மினுங்குவது நிழல் குறைவதைவிட மோசம்.

ரெசலூஷனைக் கடைசியில்தான் கூட்ட வேண்டும். லென்ஸின் வளைவை ஈடுகட்டப் படத்தை முன்கூட்டியே வளைத்துக் கொடுக்கிறார்கள், அதில் நடுப்பகுதி இழுபடும். அந்த இடம் மங்காதிருக்கத் திரையைவிடப் பெரிதாக வரைய வேண்டியிருக்கிறது. ஆனால் அகலத்தையும் உயரத்தையும் 1.4 மடங்காக்கினாலே பிக்சல் இரட்டிப்பாகிவிடும், கவனம்.

அப்புறம் நம்மூர் வெக்கை. லப்டொப் சூடேறினால் கிராபிக்ஸ் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் 9 மில்லி செக்கனில் முடிந்த படம் மத்தியானம் 12 ஆகலாம். ஆகவே சித்திரை வெயிலில், மத்தியானம் இரண்டு மணிக்கு, அரை மணி நேரம் விளையாடிய பிறகு அந்த வரைபடத்தைப் பார்த்து செட்டிங்கை முடிவு செய்யுங்கள்.