15 சென்டிமீட்டர்னு சொன்னாங்க, 2 தான் விழுந்துச்சு: ஸ்னோ ஷவர் கணிப்ப எப்படி புரிஞ்சுக்கணும்?

விண்டர் வந்தாலே எனக்கு வர்ற போன்ல பாதி இதே கேள்வி தான். "அண்ணா, பேரி (Barrie) ஊர்ல 15 சென்டிமீட்டர் ஸ்னோன்னு போட்டிருந்தாங்க, எங்க வாசல்ல 2 கூட தேறலையே?" கனடாவோட ஒன்டாரியோல ரோட்டுக்கு உப்பு போடுற, ஸ்னோ தள்ளுற கான்ட்ராக்டர்களுக்கு வானிலை கணிச்சு சொல்றது என் வேலை, ராத்திரி எத்தனை வண்டி கிளம்பணும்ங்கறதே இந்த நம்பர வச்சு தான் முடிவாகுது, அதனால இந்த கேள்விய நான் லேசா எடுத்துக்கறதில்ல. ஷவரா, அதாவது திடீர்னு வந்து விட்டு விட்டு கொட்டுறதா, வர வேண்டிய ஸ்னோ பல நேரம் விழாம போறதில்லங்க, பக்கத்து ஊர்ல விழுந்திருக்கும்.

காத்தழுத்த தாழ்வு ஒண்ணு வந்து கொட்டுற ஸ்னோ வேற. அது நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்கு பரவி விழும், டொராண்டோல 10 செ.மீ.ன்னா மிசிசாகால 8ஓ 12ஓ இருக்கும், அவ்ளோதான் வித்தியாசம். ஏரிலேர்ந்து வர்ற ஷவர் அப்படி இல்ல. ஹூரான் ஏரி, அதோட ஒரு பகுதியான ஜார்ஜியன் பே மேல ஆர்க்டிக் குளிர்காத்து வீசும்போது தண்ணில இருக்க சூட்டையும் ஈரத்தையும் வாங்கிக்கிட்டு மேகமாகி, காத்து போற திசைலயே நீளமா ஒரு பட்டையா நின்னுடும். நீளம் 100 கிலோமீட்டர தாண்டும், ஆனா அகலம் பல நேரம் 10லேர்ந்து 20 கிலோமீட்டர் தான். உள்ள மாட்டினவங்களுக்கு மணிக்கு 5 செ.மீ.க்கு மேல கூட கொட்டும், வெளிய நிக்கிறவங்களுக்கு வெயில்.

இப்ப ஒரு சின்ன கணக்கு போட்டு பாருங்க. 100 கிலோமீட்டர் நீள பட்டை, காத்து திசை வெறும் 10 டிகிரி மாறினா அதோட முனை கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர் தள்ளி போயிடும், அதாவது பேரி ஊர்ல விழ வேண்டியது பக்கத்து ஊரான இன்னிஸ்ஃபில்ல விழும். நாளைக்கு வீசப்போற காத்தோட திசைய 10 டிகிரிக்குள்ள சொல்றதே நல்ல கணிப்பு தான், ஆனா அந்த 10 டிகிரிக்குள்ள ஒரு முழு ஊரே அடங்கிடுது.

2014 நவம்பர்ல ஈரி ஏரிக்கரைல இருக்க அமெரிக்க நகரமான பஃபலோல நடந்தத பாத்தா இது நல்லா விளங்கும். நகரத்தோட தெற்கு, கிழக்கு புறநகர்ல 5 அடிக்கு மேல கொட்டி கூரையெல்லாம் இறங்கிடுச்சு, நெடுஞ்சாலைல வண்டிங்க மணிக்கணக்கா மாட்டிக்கிச்சு, பஃபலோ பில்ஸ்ங்கற அமெரிக்கன் ஃபுட்பால் டீமோட மேட்ச்ச டெட்ராய்ட்டுக்கு மாத்த வேண்டியதா போச்சு. அதே நகரத்தோட வடக்கு பக்கம் சில அங்குலம் தான். அங்க இருந்தவங்கள கேட்டிருந்தா கணிப்பு தப்புன்னு தான் சொல்லியிருப்பாங்க.

சரி, பட்டை சரியான இடத்துல நின்னும் கம்மியா விழுறது உண்டு. ஏரித் தண்ணிக்கும் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துல இருக்க காத்துக்கும் குறைஞ்சது 13 டிகிரி வித்தியாசம் வேணும், குளிர்காத்து எதிர்பார்த்தத விட ஒண்ணு ரெண்டு டிகிரி சூடா வந்தாலே வேகம் போயிடும். கீழ ஒரு திசைல மேல வேற திசைல காத்து வீசினா பட்டை துண்டு துண்டா சிதறி, எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தூவிட்டு முடிஞ்சிடும். ஏரி உறைஞ்சாலும் அதே கதை தான், ஈரியோட சராசரி ஆழமே 19 மீட்டர் தான், பிப்ரவரில பெரும்பாலும் ஐஸ் மூடிடும், அப்புறம் டிசம்பர்ல அடிச்ச அதே காத்து அடிச்சாலும் அந்த அளவு வராது.

இன்னொண்ணு பலருக்கு தெரியாது, ஸ்னோவோட வடிவம். அடுத்த தடவ ஷவர் வரும்போது கருப்பு ஜாக்கெட் கைய நீட்டி பாருங்க. மேகத்துக்குள்ள மைனஸ் 12லேர்ந்து மைனஸ் 18 வரைக்கும் இருந்தா ஆறு கை விரிச்ச பெரிய நட்சத்திரங்களா விழும், நடுவுல காத்து நிறைய, 10 மில்லிமீட்டர் தண்ணி 20 செ.மீ. ஸ்னோவா பொங்கி நிக்கும். அந்த சூழ்நிலை இல்லன்னா நொய் மாதிரி சின்ன சின்னதா விழுந்து அமுங்கிடும், அதே தண்ணி 10 செ.மீ. தான் காட்டும். வானத்துலேர்ந்து வந்த தண்ணி நாங்க சொன்ன அளவு தான், ஸ்கேல் வச்சு அளந்தா பாதி. அதுவும் நவம்பர்ல டிரைவ்வேல சூடு பாக்கி இருக்கும், முதல்ல விழுறது அப்படியே கரைஞ்சிடும்.

நான் கவலைப்படுறது இந்த 2 செ.மீ. நாளுங்கள பத்தி தான். டொராண்டோவோட ஸ்கார்பரோல ரோடு காஞ்சு கிடக்கும், "ஒண்ணும் விழல, போன வாரமும் இப்படித்தான் சொன்னாங்க"ன்னு குடும்பத்தோட கிளம்பி ஹைவே 400ல வடக்க போவாங்க, நல்ல வெளிச்சத்துல 100ல போயிட்டு இருக்கும்போதே பட்டைக்குள்ள நுழைஞ்சிடுவாங்க, ஒரு நிமிஷத்துல முன்னாடி போற வண்டியோட லைட்டே தெரியாது. பல வண்டிங்க ஒண்ணோட ஒண்ணு மோதுற விபத்து நடக்குறது இப்படித்தான், அதுக்கு 15 செ.மீ. தேவையே இல்ல.

அதனால தான் நான் அனுப்புற ரிப்போர்ட்ல ஒத்த நம்பர் போட மாட்டேன். பட்டை மேல நின்னா எவ்ளோ, தள்ளி போனா எவ்ளோ, எத்தனை மணிக்கு காத்து திரும்பும், இந்த மூணும் இருக்கும். நீங்களும் கணிப்புல "சில இடங்கள்ல"ன்னு இருந்தா அந்த வார்த்தைய தாண்டி போகாதீங்க. கிளம்புறதுக்கு முன்னாடி கடைசி ஒரு மணிநேர ராடார் லூப்ப (ஸ்னோ நகர்ந்தத காட்டுற ராடார் படங்கள) ஓட விட்டு பட்டை எந்த பக்கம் நகருதுன்னு பாருங்க, நீங்க போற ரூட்ட அது வெட்டுதுன்னா ரோடு நிலவரம் சொல்ற ஒன்டாரியோ 511 தளத்துல அந்த இடத்து ரோடு கேமராவ திறந்து பாத்துட்டு, ரோடு தெரியலன்னா பட்டை நகருற வரைக்கும் வீட்லயே இருங்க.