டெம்ப்டிபி வீங்கினால் உடனே ரீஸ்டார்ட் செய்யாதீர்கள்

டெம்ப்டிபி (எஸ்க்யூஎல் சர்வர் தன் தற்காலிக வேலைகளுக்குப் பயன்படுத்தும் டேட்டாபேஸ்) இருக்கும் ட்ரைவில் இடம் தீர்ந்தது என்று அலர்ட் வந்ததும், பல இடங்களில் முதல் வேலையே எஸ்க்யூஎல் சர்வர் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வதுதான். பலன் உடனே தெரியும். சர்வீஸ் தொடங்கும்போதெல்லாம் டெம்ப்டிபி புதிதாக உருவாவதால் ஃபைல்கள் நாம் வைத்த ஆரம்ப அளவுக்குத் திரும்பிவிடும். ஆனால் இடத்தைத் தின்றது யார் என்ற தடயமும் அதோடு போய்விடும். அதே க்வெரி மறுபடி ஓடும்போது அதே அலர்ட் வரும்.

ஃபைல் பெரிதாக இருப்பது வேறு, உள்ளே இடம் நிரம்பியிருப்பது வேறு. 200 ஜிபிக்கு வளர்ந்த ஃபைலில் இந்த நிமிடம் 2 ஜிபிதான் பயன்பாட்டில் இருக்கலாம். வேலை முடிந்தாலும் ஃபைல் தானாகச் சுருங்காது. எனவே முதலில் டெம்ப்டிபிக்குள் நின்று டிஎம்_டிபி_ஃபைல்_ஸ்பேஸ்_யூசேஜ் என்ற சிஸ்டம் வியூவைப் பாருங்கள். யூசர் ஆப்ஜெக்ட், இன்டர்னல் ஆப்ஜெக்ட், வெர்ஷன் ஸ்டோர், காலி இடம் ஆகியவை அதில் தனித்தனி காலமாக (column, நெடுவரிசை) பக்க எண்ணிக்கையில் இருக்கும். ஒரு பக்கம் 8 கேபி, 128 பக்கம் ஒரு எம்பி. வெர்ஷன் ஸ்டோர் காலத்தில் 52,42,880 என்று இருந்தால் அது 40 ஜிபி. இந்தக் காலங்களில் எது பெரிதோ அதைப் பொறுத்துத்தான் அடுத்த அடி.

வெர்ஷன் ஸ்டோர் பெரிதாக இருந்தால்

அதிகம் ஏமாற்றுவது இதுதான், ஏனென்றால் குற்றவாளி எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருப்பான். ரீட் கமிட்டட் ஸ்னாப்ஷாட் அல்லது ஸ்னாப்ஷாட் ஐசொலேஷன் (ஒருவர் வரியை மாற்றும்போதே மற்றவர் அதன் பழைய வடிவத்தைப் படிக்க விடும் அமைப்புகள்) இயக்கப்பட்ட டேட்டாபேஸில் ஒரு வரி மாறும்போது அதன் பழைய வடிவம் டெம்ப்டிபிக்குப் போகும். ட்ரிகர்களும் ஆன்லைன் இண்டெக்ஸ் ரீபில்டும்கூட இதே இடத்தைப் பயன்படுத்துகின்றன. தேவை தீர்ந்த வடிவங்களைத் துடைக்கும் வேலை நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. ஆனால் பழைய டிரான்சாக்‌ஷன் (ஒரே தொகுப்பாக முடிய வேண்டிய வேலை) ஒன்று திறந்தே இருந்தால், அதற்குப் பின்னால் உருவான வடிவங்களைத் துடைக்க முடியாது. மற்ற செஷன்கள் (சர்வருடன் உள்ள இணைப்புகள்) எழுத எழுத ஸ்டோர் ஏறிக்கொண்டே போகும்.

டிஎம்_டிரான்_ஆக்டிவ்_ஸ்னாப்ஷாட்_டேட்டாபேஸ்_டிரான்சாக்‌ஷன்ஸ் வியூவில் கடந்த விநாடிகளின்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். மேலே வரும் செஷன் எண்ணை டிஎம்_எக்ஸெக்_செஷன்ஸில் தேடினால், பெரும்பாலும் ‘ஸ்லீப்பிங்’ நிலையில், திறந்த டிரான்சாக்‌ஷன் 1 என்று நிற்கும். அப்ளிகேஷன் டிரான்சாக்‌ஷனைத் தொடங்கிவிட்டு, எக்ஸெப்ஷன் விழுந்த பிறகு ரோல்பேக் செய்யாமல் (மாற்றங்களைத் திரும்பப் பெறாமல்) கனெக்‌ஷனை விட்டிருக்கும். அந்த செஷனைக் கில் செய்யலாம். அதற்கு முன் அது எவ்வளவு எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்: மணிக்கணக்கில் எழுதியதை ரோல்பேக் செய்யவும் நேரம் பிடிக்கும். கில் செய்த உடனே அளவு விழவில்லையே என்று பதற வேண்டாம், துடைப்பு வேலை அடுத்தடுத்த சுற்றுகளில்தான் இடத்தை விடுவிக்கும்.

இன்டர்னல் ஆப்ஜெக்ட் பெரிதாக இருந்தால்

சார்ட் (வரிசைப்படுத்தல்), ஹாஷ் ஜாயின் (டேபிள்களை இணைக்கும் ஒரு முறை), ஸ்பூல் (இடைக்கால முடிவுகளைச் சேர்த்து வைப்பது) போன்றவை நினைவகத்தில் அடங்காமல் டிஸ்க்குக்கு வழிகின்றன என்று அர்த்தம். ஒரு க்வெரிக்கு எவ்வளவு நினைவகம் என்பது, அது ஓடும் முன்பே, எத்தனை வரிகள் வரும் என்ற மதிப்பீட்டை வைத்து முடிவாகிறது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் (டேபிளில் உள்ள டேட்டா பற்றிய சுருக்கக் கணக்கு) பழசாகி, 1,000 வரி என்று மதிப்பிட்ட இடத்தில் 5 கோடி வந்தால் மிச்சமெல்லாம் டெம்ப்டிபியில்தான் கொட்டும். உண்மையான எக்ஸிக்யூஷன் பிளானில் (க்வெரி எப்படி ஓடியது என்று காட்டும் படத்தில்) சார்ட் அல்லது ஹாஷ் ஐகான் மேல் மஞ்சள் எச்சரிக்கை முக்கோணம் தெரியும்.

செஷன் வாரியாக இடத்தைக் காட்டும் வியூவை மட்டும் நம்பினால் இங்கே தவறிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் வேலையின் கணக்கு அதில் ஏறாது, முடிந்த பிறகே ஏறும். இப்போது தின்றுகொண்டிருப்பதை டிஎம்_டிபி_டாஸ்க்_ஸ்பேஸ்_யூசேஜில், ஒதுக்கிய பக்கத்திலிருந்து விடுவித்த பக்கத்தைக் கழித்துப் பாருங்கள். ஸ்டாட்டிஸ்டிக்ஸைப் புதுப்பிப்பது, சார்ட் தேவைப்படாதபடி இண்டெக்ஸ் வைப்பது, தேவையில்லாத அகலமான காலங்களை செலக்டிலிருந்து எடுப்பது, இந்த வரிசையில் முயன்றால் போதும். டிபிசிசி செக்டிபி (டேட்டாபேஸ் பழுதில்லாமல் இருக்கிறதா என்று சோதிக்கும் கட்டளை) ஓடும் நேரத்தில் மட்டும் ஏறினால் க்வெரியைக் குறை சொல்லாதீர்கள். எஸ்டிமேட்ஒன்லி ஆப்ஷனுடன் ஓட்டினால் அதற்குத் தேவையான இடத்தை முன்கூட்டியே சொல்லிவிடும்.

யூசர் ஆப்ஜெக்ட் என்றால் டெம்ப் டேபிள்கள். டேபிள் வேரியபிள் நினைவகத்தில் மட்டுமே இருக்கும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அதுவும் டெம்ப்டிபியில்தான் இருக்கிறது.

டேட்டா ஃபைல் அமைதியாக இருந்து லாக் ஃபைல் (மாற்றங்களின் பதிவு) மட்டும் வளர்ந்தால், சிஸ்.டேட்டாபேசஸில் டெம்ப்டிபியின் லாக்_ரீயூஸ்_வெய்ட்_டெஸ்க் காலத்தைப் பாருங்கள். ஆக்டிவ்_டிரான்சாக்‌ஷன் என்றிருந்தால் டெம்ப்டிபிக்குள் டிபிசிசி ஓப்பன்டிரான் ஓட்டி, மிகப் பழைய டிரான்சாக்‌ஷனைப் பிடிக்கலாம்.

இடத்தைத் திரும்பப் பெற

காரணத்தை அடைத்த பிறகே டிபிசிசி ஷ்ரிங்க்ஃபைல் (ஃபைலைச் சுருக்கும் கட்டளை). ஒர்க் டேபிள் பக்கத்தை நகர்த்த முடியவில்லை என்ற செய்தியோடு அது பாதியில் நிற்பது சகஜம். அப்போது டிபிசிசி ஃப்ரீப்ரோக்கேஷ் (சேமித்து வைத்த க்வெரி பிளான்களை அழிக்கும் கட்டளை) ஓட்டச் சொல்லும் அறிவுரை பரவலாக உண்டு. வேலைநேரத்தில் அதைச் செய்தால் எல்லா பிளான்களும் மறுபடி கம்பைல் ஆகி சிபியு எகிறும். வேலை குறைந்த நேரம் வரை காத்திருப்பது மேல்.

டேட்டா ஃபைல்களின் எண்ணிக்கை லாஜிக்கல் ப்ராசசர் எண்ணிக்கைக்குச் சமமாக, அதிகபட்சம் 8 வரை இருக்கட்டும். எல்லாமே ஒரே அளவு, ஒரே வளர்ச்சி அளவு. சதவீத வளர்ச்சி வேண்டாம். வழக்கமான உச்சத்துக்கு ஏற்ற ஆரம்ப அளவை முன்பே கொடுத்துவிட்டால், ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் சின்னச் சின்னதாக வளர்ந்து தொல்லை தராது.

சம்பவம் முடிந்த பிறகு ஆராய வேண்டியிருந்தால், டீஃபால்ட் ட்ரேஸில் (எஸ்க்யூஎல் சர்வர் தானாக எழுதும் நிகழ்வுப் பதிவில்) ஃபைல் வளர்ந்த நேரமும் செஷனும் அப்ளிகேஷன் பெயரும் கிடைக்கும். அது 20 எம்பி வீதம் 5 ஃபைல்கள்தான் வைத்திருக்கும், பரபரப்பான சர்வரில் சீக்கிரம் அழிந்துவிடும். மேலும், ஃபைலை வளரச் செய்த செஷன்தான் அதிகம் தின்றது என்று சொல்ல முடியாது, நிரம்பிய பாத்திரத்தில் கடைசித் துளி ஊற்றியதாகவும் இருக்கலாம். அதனால் மேலே சொன்ன ஸ்பேஸ் யூசேஜ் காலங்களையும் டாஸ்க் கணக்கையும் நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டேபிளில் எழுதி வைக்கும் ஏஜென்ட் ஜாப் (எஸ்க்யூஎல் சர்வரில் நேரம் குறித்து ஓட்டும் வேலை) ஒன்றை இன்றே போட்டு வையுங்கள். ஒரு வார டேட்டா போதும், பழையதை அந்த ஜாபே அழிக்கட்டும். டேபிள் மட்டும் டெம்ப்டிபியில் இருக்கக் கூடாது.