ஊசி போடும் முன் காளை எண்ணைக் கேளுங்கள்

பெங்களூரைச் சுற்றி ஆனேக்கல், சர்ஜாபுரம், அத்திப்பள்ளிப் பக்கம் மாடு வைத்திருக்கும் நம் ஆட்கள், சினை ஊசி (காளை விந்தை மாட்டின் கருப்பையில் செலுத்துவது) போட ஆள் வந்ததுமே சொல்வது இதுதான்: "நல்ல பெரிய கன்னா விழுற மாதிரி போடுங்க சார்." கேட்டது கிடைத்துவிடும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

வளர்ச்சி, தாய் தகப்பனிடமிருந்து நன்றாக இறங்கும் குணம். பிறப்பு எடையில் கன்றுக்குக் கன்று தெரியும் வித்தியாசத்தில் ஏறக்குறைய 30 முதல் 40 சதவீதம் மரபால் வருவது. சினை பிடிப்பதில் அந்தப் பங்கு பொதுவாக 10 சதவீதத்துக்கும் குறைவு. மீதியெல்லாம் தீவனம், தாது உப்பு, ஊசி போடும் நேரம், கருப்பையின் நலம். அதனால் பெரிய உடம்புக் காளையைத் தேர்ந்தால் அடுத்த ஈற்றிலேயே கன்று பெரிதாக விழும். ஆனால் சினை நிற்காத மாட்டுக்குக் காளையை மாற்றி மாற்றிப் போட்டுப் பெரிய பலன் இல்லை.

எச்.எஃப் (ஹோல்ஸ்டைன் ஃப்ரீசியன்) கன்று பிறக்கும்போதே 40 கிலோ அளவில் இருக்கும், ஜெர்சி 25 கிலோ அளவில். ஹள்ளிகார் என்ற கர்நாடக நாட்டு மாட்டினம் கலந்த சின்ன உடம்புக் கிடேரிக்கு முதல் ஈற்றிலேயே எச்.எஃப் போட்டால் இடுப்பெலும்பு வழியில் கன்று சிக்கலாம். இழுத்து எடுத்த மாட்டுக்கு நஞ்சுக்கொடி தங்கலாம், கருப்பையில் சீழ் வைக்கலாம், அடுத்த சினை மாதக்கணக்கில் தள்ளிப்போகலாம். முதல் ஈற்றுக்கு ஜெர்சியே போதும். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

கிடேரிக்கு வயதைவிட எடைதான் முக்கியம். வளர்ந்த மாட்டின் எடையில் 60–65 சதவீதம் வந்த பிறகே முதல் ஊசி. தராசு தேவையில்லை, வளையும் டேப் போதும். முன்னங்காலை ஒட்டிப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரை நீளம், இரண்டையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ கணக்கு வரும். சுற்றளவு 60, நீளம் 48 என்றால் சுமார் 262 கிலோ. 400 கிலோ வரை வளரும் கலப்பினத்துக்கு இது சரியான எடை. டேப் வயிற்றுப் பக்கம் நழுவினால் எடை கூடுதலாகக் காட்டும், ஜாக்கிரதை.

ஊருக்குப் பொதுவாகக் காளை வளர்ப்பவர்கள் விதைப்பையின் சுற்றளவை அளக்க வேண்டும். இது மரபில் நன்றாக இறங்கும். பெரிய விதைப்பையுள்ள காளையின் பெண் கன்றுகள் சீக்கிரம் பருவத்துக்கு வருகின்றன. அமெரிக்காவில் இறைச்சி மாட்டினக் காளைகளுக்கு, 15 மாத வயது வரை, 30 சென்டிமீட்டர் குறைந்தபட்ச அளவு. நம் நாட்டுக் காளைக்கு அதே எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்; ஒரே வயதுக் காளைகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

0.25 மில்லி உறைவிந்துக் குச்சியின் மேல் காளை எண், இனம், தயாரித்த நிலையம் எல்லாம் அச்சாகியிருக்கும். காலிக் குச்சியை வாங்கி, எண்ணையும் தேதியையும் நோட்டில் எழுதுங்கள். அந்த ஊசியில் பிறந்த கிடேரிக்கே மறுபடி அதே காளை விழுந்தால், கன்றுக்கு நெருங்கிய ரத்தக் கலப்பு 25 சதவீதம். கரு தங்காமல் போகலாம், தங்கினாலும் கன்று நோஞ்சானாகப் பிறக்கலாம்.

குச்சியை 37 டிகிரி தண்ணீரில் 30 விநாடி வைத்துத்தான் உருக்க வேண்டும். கையில் தேய்த்தோ சட்டைப்பையில் வைத்தோ உருக்கினால் உயிரணுக்கள் பாதிக்கப்படும். காலையில் பருவத்துக்கு வந்த மாட்டுக்கு மாலையில் ஊசி, மாலையில் வந்ததற்கு மறுநாள் காலையில். மூன்று முறை போட்டும் சினை நிற்கவில்லையா? நான்காவது ஊசிக்குக் காசு கொடுக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் கருப்பையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.